அழுக்கே ஆகாத வடிகட்டி: ஒரு செயின்சாவின் நிகழ்வு ஆய்வு

பணிமனை மேசைமேல் ரம்பத்தை வைத்த கையோடு, அதை ஓட்டுபவர் மேல்மூடியைக் கழற்றிக் காற்று வடிகட்டியைத்தான் முதலில் காட்டினார். "பாருங்கள் அண்ணா, பராமரிப்பில் ஒரு குறை சொல்ல முடியுமா?" சொல்ல முடியவில்லை. நைலான் வலை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு வாரம் முழுக்கக் கட்டை அறுத்த ரம்பத்தில் அப்படி ஒரு வெண்மையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்த உடனே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் அவரைப் பாராட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனேன்.

ரம்பமும் அது செய்த வேலையும்

மரம் வெட்டும் குழு ஒன்றிடம் ஒரே மாடல் செயின்சாக்கள் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை. 50 மி.மீ. சிலிண்டர் துளை, 36 மி.மீ. பிஸ்டன் வீச்சு, 70.7 சி.சி. கொள்ளளவு கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம். பெட்ரோலும் ஆயிலும் 50:1 கலவை. தொழில்முறை மரம் வெட்டுபவர்கள் நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கக்கூடிய எடையில், பெரிய மரத்துக்கும் ஈடுகொடுக்கும் வகை.

மூன்றுக்கும் வேலை ஒன்றல்ல. முதல் ரம்பம் காட்டுக்குள் மரம் சாய்க்கவும் கிளை கழிக்கவும் போகும். இரண்டாவது, அதாவது நம் நோயாளி, கட்டைகளை இழுத்து வந்து குவிக்கும் களத்தில் நின்று துண்டு போடும். மூன்றாவது மாற்றுக்கு. இந்த வேலைப் பிரிவினையை நான் விசாரித்தது இரண்டாம் நாள்தான். முதல் நாளே கேட்டிருந்தால் பாதி விஷயம் அங்கேயே விளங்கியிருக்கும்.

காட்டுக்குள் நின்றபடி வீழ்த்தப்படும் மரத்தின் பட்டை ஓரளவு சுத்தமானது. அதே மரத்தைத் தரையோடு இழுத்து வந்தால் பட்டையின் வெடிப்புகளில் மண்ணும் மணலும் இறுகிவிடும். களத்து ரம்பம் அந்தப் பட்டையை நூறு முறை வெட்டுகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7; சாதாரண எஃகுக் கத்தியையும் கீறிவிடும். பிஸ்டனோ அலுமினியக் கலவை. ஆக, மூன்று ரம்பங்களில் அதிகத் தூசி தின்பது இரண்டாவதுதான். அதன் வடிகட்டி மட்டும் வெண்மையாக இருந்தது.

புகார்

ஆறு வாரமாக மெல்ல மெல்ல வளர்ந்த நோய். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஐந்தாறு இழுப்பில் கிளம்பிக்கொண்டிருந்தது, பிறகு பதினைந்து இழுப்பு ஆயிற்று. சூடேறிய பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்ப அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். ஐட்லிங், அதாவது விசையை அழுத்தாதபோது ஓடும் மெல்லோட்டம், நிலையாக நிற்பதில்லை. பருமனான கட்டையில் பாதி வெட்டில் மூச்சுவாங்கும். இதற்குள் குழுவினரே ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிட்டார்கள், டேங்கிலுள்ள பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிட்டார்கள், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் திருகுகளையும் ஒரு கை பார்த்துவிட்டார்கள். கலவை ஆயில் மட்டமானது என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார்.

நான் கழற்றிய பிளக் ஒன்றும் பேசவில்லை. இளம் பழுப்பு, வழக்கமான நிறம். இழுகயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தை அப்படியே தூக்கினேன். நல்ல இயந்திரம் என்றால் அழுத்தம் தாங்கித் தொங்கும், அல்லது விட்டுவிட்டு மெதுவாக இறங்கும். இது வாளி கிணற்றுக்குள் போவதுபோல் வழவழவென்று இறங்கியது. அளவி வைத்துப் பார்த்தபோது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், 100 பி.எஸ்.ஐ.யைத் தொடவில்லை. முதல் ரம்பத்தில் அதே அளவி 155 காட்டியது.

பிரித்துப் பார்த்தபோது

சைலன்சரைக் கழற்றிப் புகைவாய் வழியாகப் பிஸ்டனைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அங்கே பிஸ்டன் நன்றாக இருந்தது. ஆயில் போதாமலோ, பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடியோ பிஸ்டன் கவ்வியிருந்தால் தடயம் இந்தப் பக்கத்தில்தான் விழும். ஏனெனில் இதுதான் அதிகம் சூடாகும் பக்கம். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள், உருகி இழுபட்ட அலுமினியம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் பள்ளத்தில் ஒட்டிய பிசிறு என்று தெரியும். அப்படி எதுவும் இல்லை. ஆயிலைக் குற்றம் சொன்னவர் அத்தோடு அமைதியானார்.

அடுத்து கார்புரேட்டரைக் கழற்றி எதிர்ப்பக்கத்திலிருந்து விளக்கடித்துப் பார்த்தேன். காற்று உள்ளே வரும் பக்கம் அது. புதுப் பிஸ்டனின் உடம்பில் கடைசல் இயந்திரம் விட்ட மெல்லிய வரிகள் சுற்றிலும் ஓடும். ஆயில் தங்குவதற்காகவே அவை விடப்படுகின்றன. இந்தப் பக்கத்தில் அந்த வரிகள் ஒன்றுகூட இல்லை. பளபளப்பும் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அலுமினியம்போல் மங்கிய சாம்பல் நிறம். சிலிண்டரைத் தூக்கிய பிறகு விரல் நுனியால் தடவினால் புகைவாய்ப் பக்கம் வழுக்கியது, காற்றுவாய்ப் பக்கம் சொரசொரத்தது. ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் நேராக வைத்து அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது. இந்த அளவு துளையில் புதிய ரிங்குக்கு அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும்.

இது தூசி தின்ற இயந்திரம். சந்தேகத்துக்கே இடமில்லை.

நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தோடு பழகியவர்களுக்கு இதன் கொடுமை முழுதாகப் புரியாது. அங்கே காற்று நேராகப் பிஸ்டனுக்கு மேலே போகிறது. கிராங்க், பேரிங் எல்லாம் கீழே தனியாக ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு ஸ்ட்ரோக் ரம்பத்தில் காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கலந்த கலவை முதலில் கிராங்க் பெட்டிக்குள் போய், அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. வழியில் கனெக்டிங் ராடின் ஊசி பேரிங், கிராங்க் பேரிங், பிஸ்டனின் உட்புறம், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகிறது. தூசியும் அதே பாதையில் போகும். வெட்டும்போது நிமிடத்துக்கு 9,500 சுற்று என்று வைத்துக்கொண்டால், 70.7 சி.சி. வீதம் கணக்குப்படி 670 லிட்டர் காற்று. அதில் பாதிதான் உண்மையில் உள்ளே போகிறது என்றாலும் நிமிடத்துக்கு 300 லிட்டருக்கு மேல். மரத்தூள் மேகத்துக்கு நடுவிலிருந்து, தரைக்கு ஒரு முழம் மேலிருந்து இந்தக் காற்று உறிஞ்சப்படுகிறது. இதைவிட மோசமான இடத்தில் மூச்சுவிடும் இயந்திரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நல்லவேளையாக ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்ததில் ஆட்டம் இல்லை. சிலிண்டரின் நிக்கல்–சிலிக்கன் கார்பைடு பூச்சும் தாங்கியிருந்தது. காற்றுவாயின் கீழ் விளிம்பில் மட்டும் லேசான மெருகு.

தூசி எந்த வழியாக வந்தது?

வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலையில் ஓட்டை இல்லை. ஆனால் வடிகட்டிக்குப் பின்னால், கார்புரேட்டரின் வாயில், கீழ்ப்பக்கமாக ஒரு பழுப்புக் கோடு. நகக்கண் அளவு அகலம், பிறை வடிவம். இவ்வகை இயந்திரங்களில் கலவை கொஞ்சம் பின்னோக்கித் துப்பும். அதனால் கார்புரேட்டர் வாய் எப்போதும் லேசான ஆயில் ஈரத்தோடு இருக்கும். அந்த ஈரத்தில் தூசி தன் காலடித் தடத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. வலை முழுவதும் பொதுவாகக் கசிந்திருந்தால் சுற்றிலும் சீராகப் படிந்திருக்கும். ஓரிடத்தில் மட்டும் கோடு என்றால் ஓரிடத்தில் மட்டும் சந்து.

இந்த வடிகட்டி இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, சிமிழ்போல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது. பூட்டுவாயைக் கண்ணால் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பணிமனைக்குப் பின்னால் சாமான் அறை இருட்டு. அங்கே போய்ச் சிறிய டார்ச் ஒன்றை வடிகட்டிக்குள் செருகி வாயைத் துணியால் அடைத்தேன். வலை முழுவதும் காகித விளக்குப்போல் மங்கலாக ஒளிர்ந்தது. பூட்டுவாயில், மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மனித முடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கோடு விழுந்த இடமும் கார்புரேட்டர் வாயிலிருந்த பிறையும் ஒரே பக்கம்.

வெண்மையின் கதை அத்தோடு அவிழ்ந்தது. காற்றும் தண்ணீர்போலத்தான்; தடை குறைந்த வழியைத் தேடும். வலையின் கண்களுக்குள் நெரிந்து போவதைவிடத் திறந்த சந்து வழியாகப் போவது எளிது. வலையில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததுமே சந்துக்கு மவுசு கூடிவிடும். தூசியின் பெரும்பங்கு வலையில் தங்காமல் இயந்திரத்துக்குள் போய்விட்டது. மாலையில் திறந்து பார்ப்பவருக்கு வடிகட்டி சுத்தம்.

அடைத்துக்கொண்ட வடிகட்டி கூச்சல் போடும். சக்தி குறையும், புகை கூடும், பிளக் கறுக்கும், ஓட்டுபவர் எரிச்சலோடு நிறுத்தி மூடியைத் திறப்பார். ஒழுகும் வடிகட்டி ஒரு சத்தமும் போடாது. ரம்பம் முன்னைவிட உற்சாகமாகக்கூட ஓடும்.

சந்து ஏன் விழுந்தது?

இதற்கு ஓட்டுபவரோடு ஒரு மாலை முழுக்கப் பேச வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணைபோல் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. அவரையே அன்றாடம் செய்வதுபோல் வடிகட்டியைச் சுத்தம் செய்து காட்டச் சொன்னேன். கலவை பெட்ரோலில் முக்கினார், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், பிறகு கம்ப்ரஷர் குழாயின் மூக்கை வடிகட்டியின் வாய்க்குள் முழுதாகச் செருகி விசையை அழுத்தினார். வடிகட்டி கையில் துள்ளியது. இதை நாளுக்கு மூன்று முறை செய்வாராம்.

மூன்று தவறுகளும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. பெட்ரோல் ரப்பர் விளிம்பை உப்பவைத்து, காய்ந்ததும் விறைக்கவைக்கிறது. பிளாஸ்டிக் பூட்டையும் மெல்ல வலுவிழக்கச் செய்கிறது. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும். டயருக்குக் காற்றடிக்கும் அழுத்தத்தை உள்ளேயிருந்து ஒரே மூச்சில் அடித்தால் இரண்டு பாதிகளும் பிரியப் பார்க்கும். நாளுக்கு மூன்று முறை என்றால் ஆறு வாரத்தில் நூறு முறைக்கு மேல்.

நாளுக்கு மூன்று முறை ஏன்? இங்கேதான் எனக்கு உண்மையான ஆர்வம் வந்தது. பதில் வடிகட்டியில் இல்லை, சங்கிலியில் இருந்தது. மண் ஏறிய பட்டையை வெட்டி வெட்டி இந்த ரம்பத்தின் சங்கிலி சீக்கிரம் மழுங்கியது. கூரான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். கையில் அள்ளினால் அவல்போல் தனித்தனியாக இருக்கும். மழுங்கிய சங்கிலி மாவு அரைக்கும். களத்தில் அந்த ரம்பத்தின் காலடியில் கிடந்ததை அள்ளிப் பார்த்தேன், சலித்த மாவு. சீவல் கீழே விழுந்துவிடும், வடிகட்டிக்கு வராது. மாவு காற்றில் மிதந்து நேராக உறிஞ்சு வாய்க்குப் போகும். வடிகட்டி ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது, அவர் நாளுக்கு மூன்று முறை அதைத் துவைத்தார், துவைத்துத் துவைத்துப் பூட்டுவாய் விட்டது, விட்டபின் அது அழுக்காவதே இல்லை. அவருக்கு மகிழ்ச்சி. அரம் பிடிக்கச் சோம்பியதில் தொடங்கி பிஸ்டனில் முடிந்த சங்கிலித்தொடர் இது.

துணைக் குற்றவாளி ஒன்றும் உண்டு. இந்த வகை ரம்பங்களில் வடிகட்டிக்கு முன்பே காற்று ஒருமுறை சுத்தமாகும். ஃப்ளைவீலின் இறக்கைகள் காற்றைச் சுழற்றும்போது கனமான துகள்கள் வெளிப்பக்கம் எறியப்படும். உள்பக்கத்துச் சுத்தமான காற்றை ஒரு சிறு மூக்கு பிடித்து வடிகட்டிக்கு அனுப்பும். நன்றாக வேலை செய்தால் துகள்களின் பெரும்பகுதி வடிகட்டியையே பார்க்காது. நம் ரம்பத்தில் அந்த மூக்கும் ஸ்டார்ட்டர் மூடியின் கம்பிகளும் பிசினோடு கலந்த தூளால் இறுகிக் கிடந்தன. வடிகட்டியை நாளுக்கு மூன்று முறை துவைத்தவர் இதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

முதல் ரம்பத்திலும் ஓர் ஆபத்து

மற்ற இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன். முதல் ரம்பத்தின் வடிகட்டி கன்னங்கரேல். ஒழுக்கு இல்லை, பின்பக்கம் துடைத்த வெள்ளைத் துணியில் ஆயில் கறை மட்டும். நிம்மதியாக இருந்தது, வடிகட்டியைக் கழுவி மாட்டி முழு வேகத்தில் ஓடவிடும் வரை. சத்தம் சீட்டியடிப்பதுபோல் ஏறியது. உற்பத்தியாளர் கையேட்டில் உச்சம் 13,500 சுற்று. டாக்கோமீட்டர் 14,300ஐத் தாண்டியதும் விசையை விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். பழைய அமைப்பிலுள்ள கார்புரேட்டர்களில் வடிகட்டி அடைத்தால், காற்று வரும் வாயை மூடும் சோக்கைப் பாதி இழுத்ததுபோல் ஆகும்: காற்று குறையும், பெட்ரோல் விகிதம் கூடும், ரம்பம் புகைந்து தடுமாறும். யாரோ ஒருவர் வடிகட்டியைக் கழுவாமல் திருகைத் திருகி பெட்ரோலைக் குறைத்துச் சரிக்கட்டிவிட்டார். அடைத்த வடிகட்டியோடு கலவை சரி. கழுவி மாட்டியதும் காற்று முழுதாக வருகிறது, பெட்ரோல் மட்டும் குறைத்தபடியே இருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் கூடவே ஆயிலும் குறையும். இதே நிலையில் பெரிய மரம் ஒன்றைச் சாய்க்க நின்றிருந்தால் புகைவாய்ப் பக்கம் கவ்வியிருக்கும். திருகைத் தொடும் முன் சுத்தமான வடிகட்டியை மாட்டு என்று கையேடுகள் சொல்வது வெறும் சடங்குக்காக இல்லை.

இன்றைய தொழில்முறை ரம்பங்கள் பலவற்றில் கார்புரேட்டரின் அளவு அறை, வடிகட்டிக்கு உட்புறக் காற்றைப் பார்த்தே பெட்ரோலை அளந்து விடுகிறது. வடிகட்டி அடைத்தாலும் கலவை கெடாது, சக்தி மட்டும் மெல்லக் குறையும். சிலவற்றில் மின்னணுவே கலவையைத் திருத்திக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய ரம்பம் புகைந்து சொன்ன எச்சரிக்கை இவற்றில் தாமதமாகவே வரும். ஓட்டுபவர் காதால் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

மாற்று வடிகட்டியைத் தேர்ந்தது

பிஸ்டன், ரிங், அடிகேஸ்கெட் மாற்றி, கிராங்க் பெட்டியை இரண்டு முறை கழுவிப் பூட்டினேன். அதில் சொல்ல எதுவும் இல்லை. எந்த வடிகட்டி என்பதில்தான் விவாதம் நீண்டது.

நைலான் வலையில் கண் அளவு வேறுபடும். 44 மைக்ரான், 80 மைக்ரான் இரண்டும் ரம்பங்களுக்குக் கிடைக்கின்றன. 80 மைக்ரான் வலை காற்றைத் தாராளமாக விடும், தட்டினாலே உதிரும். ஈர மரத்துக்கும், பெரிய சீவலுக்கும், தூள் பனி பறக்கும் குளிர்ப்பகுதி வேலைக்கும் பொருந்தும். வறண்ட மண் தூசிக்கு அது கோழிக்கூண்டு வலையில் கொசுவைப் பிடிப்பதுபோல. இயந்திரத்தை அதிகம் தேய்ப்பவை சில மைக்ரானிலிருந்து இருபது மைக்ரான் வரையுள்ள துகள்கள்; ஆயில் படலத்தின் கனத்துக்குள் சரியாகப் போய் உட்காருபவை. 44 மைக்ரான் வலைகூட அவற்றை நேரடியாகத் தடுக்காது. வலையின் மேல் படியும் மெல்லிய தூசிப் படலம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் சற்று அழுக்கான வடிகட்டி புத்தம்புதியதைவிட நன்றாக வடிகட்டும். ஓயாமல் துவைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் படலத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஃபெல்ட் வகை நுண்தூசியைப் பிடிக்கும். ஆனால் பிசினும் ஆயிலும் ஏறிவிட்டால் கழுவி மீட்பது கடினம். தேய்த்தால் இழை உதிரும். ஆயில் தடவிய நுரைப்பஞ்சு தூசியை ஒட்டிப் பிடிப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால் பின்னால் துப்பும் பெட்ரோல் அந்த ஆயிலைக் கழுவிக்கொண்டே இருக்கும், ஒழுங்காக மறுபடி தடவும் பொறுமை இந்தக் குழுவில் யாருக்கும் இல்லை. கான்கிரீட் வெட்டும் இயந்திரத்தில் மடிப்புக் காகித வடிகட்டி இருக்கிறதே, அதை மாட்டலாமே என்று ஒருவர் கேட்டார். துப்பும் பெட்ரோலில் நனைந்த காகிதம் ஒரு நாள் தாங்காது.

களத்து ரம்பத்துக்கு மடிப்பு வைத்த செயற்கை இழை வடிகட்டியைத் தேர்ந்தேன். காரணம் நுண்மை மட்டுமில்லை. பரப்பு மாறாமல் கண்ணை மட்டும் சிறிதாக்கினால் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும், மறுபடி கம்ப்ரஷர், மறுபடி அதே கதை. மடிப்பு அதே இடத்துக்குள் பல மடங்கு பரப்பைச் சுருட்டி வைக்கிறது. அதனால் நுண்ணியதாக இருந்தும் மூச்சு முட்டுவதில்லை. வெந்நீரிலும் சோப்பிலும் கழுவலாம். முதல் ரம்பத்துக்கு 44 மைக்ரான் நைலானே போதும் என்று விட்டுவிட்டேன். பசுமரத்தைக் கூரான சங்கிலியால் அறுப்பவருக்கு அதற்கு மேல் தேவையில்லை.

நடுவில் வேறொரு தயாரிப்பாளரின் நகல் வடிகட்டி ஒன்றும் பரிசீலனைக்கு வந்தது. பொருத்தினால் 'டக்' என்று உட்கார்ந்தது. ஆனால் விளிம்பில் மெல்லியதாக கிரீஸ் தடவி, மாட்டிக் கழற்றிப் பார்த்தபோது கார்புரேட்டர் கழுத்தில் கிரீஸ் வளையம் முழுமையாக விழவில்லை. ஓரிடத்தில் விரல் அகலத்துக்கு வெற்றிடம். மாட்டியபின் லேசாக ஆட்டினால் ஆடவும் செய்தது. எல்லா நகலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும், அசலாக இருந்தாலும், மாட்ட மாட்டேன்.

களத்தில் மாற்றிய நடைமுறை

ஒவ்வொரு ரம்பத்துக்கும் வடிகட்டி இரண்டு. ஒன்று ரம்பத்தில், ஒன்று மூடியுள்ள டப்பாவில். வேலை நடுவே கழுவுவது அறவே கிடையாது. அழுக்கானால் மாற்றுவது மட்டும். கழுவல் மாலையில், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷால், இரவு முழுக்க உலரவிட்டு. கம்ப்ரஷர் வேண்டும் என்றால் அழுத்தத்தைக் குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே. வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசியை வலைக்குள் ஆணி அடிப்பதுபோல் ஆகிவிடும்.

கழற்றும் முறையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது, சின்னதுதான். மூடியைத் திறந்ததும் அவர்கள் நேரே வடிகட்டியைப் பிடுங்குவார்கள். சுற்றிலும் குவிந்திருந்த தூள் அப்படியே கார்புரேட்டர் வாயில் சரியும். ஆறு வாரம் வடிகட்டி தடுத்ததை அரை நொடியில் உள்ளே கொட்டுவதற்குச் சமம். இப்போது முதலில் சோக்கை இழுத்து வாயை மூடுகிறார்கள், சுற்றுப்புறத்தைப் பிரஷ்ஷால் தள்ளுகிறார்கள், பிறகுதான் வடிகட்டி. மாட்டும் முன் வெள்ளைத் துணியால் வடிகட்டிக்குப் பின்புறம் ஒரு துடைப்பு. ஆயில் கறை வரலாம். பழுப்புத் தூசி வந்தால் ரம்பம் அன்று வேலைக்குப் போகாது.

சங்கிலிக்கு: ஒவ்வொரு டேங்க் பெட்ரோல் நிரப்பும்போதும் காலடித் தூளைப் பார்ப்பது. மாவாக இருந்தால் அரம். களத்தில் முடிந்தவரை கட்டையின் வெட்டும் இடத்தில் ஒட்டிய மண்ணைக் கோடாலி முதுகால் தட்டிவிட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் செய்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து ஓட்டுபவர் மறுபடி வந்தார். முகம் சரியில்லை. "அண்ணா, இந்தப் புது வடிகட்டி மட்டம். மதியத்துக்குள் கறுத்துவிடுகிறது. பழையது எவ்வளவு சுத்தமாக இருந்தது!" அவரைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய வடிகட்டிக்குள் டார்ச்சைச் செருகிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கிப் போனார்.

நான்கு மாதத்தில் கம்ப்ரஷன் 150. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்ததில் பிஸ்டனின் கடைசல் வரிகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது ரம்பத்தின் வடிகட்டியில் ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் உப்பத் தொடங்கியிருக்கிறது. யாரோ இன்னும் பெட்ரோலில் முக்குகிறார்கள். கேட்டால் எல்லோரும் சோப்புத் தண்ணீர்தான் என்கிறார்கள். விளிம்பை மோந்து பார்த்தேன். புதியதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.